டெஸ்டரம்மாவும் தானாகப் பேசிய டப்பாவும்

மரக்காணத்தில் டெஸ்டரம்மாவிடம் திட்டு வாங்காத ஆள் ஒருவர்கூடக் கிடையாது. அப்படி யாராவது இருந்தால், அவர் வீட்டுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை என்று அர்த்தம்.

மற்ற பெண்கள் பூ வைக்கும் இடத்தில் அவர் டெஸ்டரைச் செருகியிருப்பார். கல்யாண வீடு, காது குத்து, எழவு வீடு, எங்கே போனாலும் கொண்டையில் அந்த மஞ்சள் பிடி போட்ட டெஸ்டர் இருக்கும். மணமேடைக்கு ஏறி மொய்க் கவர் கொடுத்துவிட்டு, இறங்கும்போது சீரியல் பல்பு ஒயரை ஒரு பார்வை பார்ப்பார். "எவன் இழுத்தது இந்த லைனை? மாப்பிள்ளை சாவணுமா?" என்று மைக்கில்லாமலே கேட்பார். அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டதுமில்லை. பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் எனக்கு அப்போது இல்லை. அது எவ்வளவு பெரிய சங்கதி என்பதைத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊர்க் காற்றில் பாதி உப்பு. இரும்பு கேட் மூன்று வருஷத்தில் பிஸ்கட் மாதிரி உதிரும். ஃப்ரிட்ஜுக்குக் கால் போகும், டி.வி.க்குக் கண் போகும், மிக்ஸிக்குத் தொண்டை கட்டும். ஆகவே டெஸ்டரம்மாவுக்கு வேலை ஓய்ந்ததே இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் கடை. உள்ளே போனால் செத்த ஃபேன்கள் தலைகீழாகத் தொங்கும். நடுவில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து அவர் உலகத்தைச் சபித்துக்கொண்டிருப்பார்.

இந்தத் தொழிலுக்கு அவர் வந்ததே ஒரு விபத்து. முதலில் உப்பளத்தில் உப்பு வாரும் வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். பாத்திக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார்களைப் பார்த்துக்கொண்டவர் அவருடைய புருஷன். பாதி நாள் மோட்டாரைப் பார்ப்பார், மீதி நாள் சரக்கடித்துவிட்டு வரப்பில் படுத்து வானத்தைப் பார்ப்பார். நல்ல சித்திரை வெயிலில் ஒருநாள் மோட்டார் நின்றுபோனது. புருஷன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த அம்மா அவர் சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை உருவி மோட்டாரைத் திறந்தார். அரை மணியில் தண்ணீர் கொட்டியது. மறுநாளிலிருந்து முதலாளிகள் புருஷனை விட்டுவிட்டு இவருக்கு ஆள் அனுப்பினார்கள். "டெஸ்டரம்மா வீட்டுக்காரரு" என்று ஊர் கூப்பிட ஆரம்பித்ததும் அந்த மனுஷனுக்குத் தாங்கவில்லை. ஒருநாள் பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறினார், திரும்பவில்லை.

"தேடிப் பாக்கலியாம்மா?" என்று நான் ஒருதரம் கேட்டேன்.

"ஓடிக்கினு இருக்கறத எதுக்கு சார் நிறுத்திப் பாக்கணும்?" என்றார்.

ரிப்பேருக்கு வந்தால் முதலில் சாமானைத் தொடமாட்டார். போலீஸ் விசாரணைதான். "கடைசியா யாரு தொட்டது? அப்ப என்னா செஞ்சீங்க? என்னா பேசினீங்க?" வீட்டுத் தலைவர் சொல்வதில் ஒரு எழுத்தைக்கூடக் காதில் வாங்கமாட்டார். "நீங்க சொல்றது நீங்க நெனைக்கிறது. வேற யாராவது சொல்லட்டும்" என்று அடுப்படிப் பக்கம் திரும்பிவிடுவார். வேலை முடிந்ததும் ஒரு வெள்ளை டேப்பைக் கிழித்து, மார்க்கரால் எழுதி, சாமானின் முதுகில் ஒட்டுவார். "பழுது: எலி." "பழுது: ஈரக் கை." ஒரு வாஷிங் மெஷினில் "பழுது: மச்சான்" என்று ஒட்டியதை நானே பார்த்தேன். வீட்டுக்கு வந்த மச்சான் தானே சரிசெய்கிறேன் என்று பிரித்துப் போட்டிருந்தார்.

ஒரு உப்பள முதலாளி, மோட்டார் எரிந்ததற்குக் கூலிக்காரப் பெண்கள்தான் காரணம் என்று ஆறு பேரை நிறுத்தப் பார்த்தார். டெஸ்டரம்மா மோட்டாரைத் திறந்து, உள்ளே சுற்றியிருந்த மட்டமான காயிலை மோந்து பார்த்தார். பிறகு டேப்பைக் கிழித்தார். "பழுது: மொதலாளி." அந்த ஆறு பேருக்கும் வேலை தப்பியது. அந்த சீசன் முழுக்க இவருக்கு அந்த அளத்தில் வேலை இல்லை. அடுத்த சித்திரையில் மோட்டார் மறுபடி நின்றபோது, அந்த வெயிலில் உள்ளே இறங்க வேறு மெக்கானிக் யாரும் வரவில்லை. முதலாளியே கார் எடுத்துக்கொண்டு கொட்டகை வாசலுக்கு வந்து நின்றார். "வரிசையில நில்லுங்க" என்றாராம்.

ஆனால் எப்போதும் உண்மையையே ஒட்டுவார் என்று சொல்லமுடியாது. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர் வீட்டில் டி.வி. சத்தம் தானாகக் குறைந்துகொண்டே இருந்தது. மனுஷன் செய்தி பார்க்க உட்கார்ந்தால் ஐந்து நிமிஷத்தில் செய்தி வாசிப்பவர் ஊமையாகிவிடுவார். டெஸ்டரம்மா வந்து பார்த்தார், அடுப்படிக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார், திரும்பி வந்து "பழுது: உப்புக் காத்து" என்று ஒட்டிவிட்டுப் போய்விட்டார். அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் ஹெட்மாஸ்டர் மனைவி ஒரு இரண்டாவது ரிமோட்டை ஒளித்து வைத்திருந்த விஷயம் என் மனைவி மூலம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அடுத்தவன் வீட்டுக் கதை என்றால் எனக்கு நன்றாகச் சிரிப்பு வரும்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷம் ஸ்கூலில் பி.டி. மாஸ்டர். விசில் எனக்கு ஒரு அலங்காரம்தான். நான் "அட்டென்ஷன்" என்றால் மைதானத்துக்கு அந்தப் பக்கம் மேயும் மாடும் நிமிர்ந்து நிற்கும். ரிட்டயர் ஆனபோது மைதானத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள், குரலைப் பிடுங்கவில்லை. அது என்னோடு வீட்டுக்கு வந்தது. வீட்டில் இருந்தது என் மனைவி ஒருத்தி.

சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் மகள் அமுதா, எங்கள் கல்யாண நாளுக்கு ஒரு டப்பா வாங்கிவந்தாள். உருண்டையாக, தேங்காய் மூடி சைஸ். பேசினால் கேட்கும், கேட்டால் பேசும். பெயர் நந்தா. "நந்தா, பாட்டுப் போடு" என்றால் தலையில் நீல வட்டம் எரியும், பாட்டு வரும். "நந்தா, மழை வருமா?" என்றால் சொல்லும். அதுவும் தமிழில், பெண் குரலில். அமுதா அதை ஹாலில் வைத்து, என் போனில் ஏதோ ஏற்றிக் கொடுத்து, இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள்.

அவள் பஸ் ஏறிய மறுநாளே டப்பாவுக்குப் பைத்தியம் பிடித்தது.

நான் காலையில் பேப்பரோடு உட்கார்ந்திருக்கிறேன். கூப்பிடாமலே நீல வட்டம் எரிகிறது. "காப்பி என்பது ஒரு பானம்" என்கிறது. குளித்துவிட்டு வருகிறேன். "துண்டு கிடைக்கவில்லை, மீண்டும் சொல்லவும்" என்கிறது. ஒரு மத்தியானம் சாம்பார் பற்றி என் மனைவியிடம் இரண்டு வார்த்தை கடுமையாகச் சொன்னேன். டப்பா குறுக்கே புகுந்து, "எனக்கு நாக்கு இல்லை. வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" என்றது. வீட்டுக்கு வந்திருந்த எல்.ஐ.சி. ஏஜென்ட் எழுந்து நின்றுவிட்டார்.

அமுதாவுக்குப் போன் போட்டேன். "பிளக்கைப் புடுங்கி அரை நிமிஷம் கழிச்சுப் போடுங்கப்பா" என்றாள். போட்டேன். பேசியது. "ஜன்னல்கிட்ட வைக்காதீங்க." மாற்றினேன். பேசியது. "டி.வி. சத்தத்துல குழம்புதோ என்னவோ." டி.வி.யை நிறுத்தினேன். வீடு அமைதியானதும் இன்னும் தெளிவாகப் பேசியது. "பின்னால சின்ன ஓட்டை இருக்கும், ஊசியால அமுக்கி ரீசெட் பண்ணுங்க." அமுக்கினேன். "வணக்கம், நான் நந்தா" என்று புதுசாக அறிமுகம் செய்துகொண்டு, பழையபடி ஆரம்பித்தது. கம்பெனி ஹெல்ப்லைனில் ஒரு பெண், வீட்டில் கிளி வளர்க்கிறீர்களா என்று கேட்டாள்.

நான்கு மாதம் இப்படி ஓடியது. இதில் எனக்கு இன்னொரு எரிச்சல். இந்தக் கூத்தெல்லாம் நான் இருக்கும்போதுதான். என் மனைவியிடம் அந்த டப்பா ஒருநாளும் வாலாட்டவில்லை.

"உனக்கு மட்டும் எப்படி ஒழுங்கா இருக்குது?" என்று கேட்டேன்.

"தெரியலிங்க" என்றாள். அதற்கு மேல் அவள் எதற்கும் பதில் சொன்னதில்லை.

கடைசியில் டெஸ்டரம்மாவை வரச்சொன்னேன். வந்தார். டப்பாவைத் தூக்கி, தட்டி, காதில் வைத்துப் பார்த்து, "இதுக்குள்ள நம்ம வேலை ஒண்ணும் இல்லியே சார்" என்றார். பிறகு வழக்கமான விசாரணை. நான் சொன்னதை வழக்கம்போல் காதில் வாங்கவில்லை. என் மனைவியைக் கேட்டார். அவள் "தெரியலிங்க" என்றாள்.

"சரி, நான் இங்கியே குந்திக்கிறேன். நீங்க தெனமும் எப்படி இருப்பீங்களோ அப்படியே இருங்க."

ஹால் மூலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் இன்ஸ்பெக்‌ஷன் வந்த நாள் மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி நேரம். டப்பா கப்சிப். எனக்கு மானம் போனது. வெயில் வேறு. வந்தவருக்கு ஒன்றும் கொடுக்கவில்லையே என்று நினைவு வந்தது.

"ந்தா! அம்மாவுக்கு மோரு கொண்டா!"

நீல வட்டம் எரிந்தது. "மோர் தயாரிக்கும் முறையைச் சொல்லவா?" என்றது டப்பா.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று நான் குதித்தேன்.

டெஸ்டரம்மா அசையவில்லை. "இன்னொரு தபா சொல்லுங்க சார்."

"எத?"

"இப்ப சொன்னத."

"மோரு கொண்டான்னேன்." வட்டம் எரியவில்லை.

"அதுக்கு முன்னாடி ஒண்ணு சொன்னீங்களே."

"நானா? ஒண்ணும் சொல்லலியே!"

சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. அடுப்படி வாசலில் மோர் டம்ளரோடு நின்ற என் மனைவி, தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "ந்தா-ன்னாரு."

"சொல்லுங்கள்" என்றது டப்பா.

முப்பத்தொரு வருஷமாக நான் அவளைக் கூப்பிட்டது அப்படித்தான். இந்தா. அவசரத்தில் "ந்தா." என் காதுக்கு அது ஒரு வார்த்தையே இல்லை, கனைப்பு மாதிரி. அந்த டப்பாவுக்கு மட்டும் அது யாரோ ஒருவரின் பெயராகக் கேட்டிருக்கிறது.

எனக்கு முதலில் வந்தது சிரிப்புதான். "அட, இவ்ளோதானா!" என்றேன். டெஸ்டரம்மா சிரிக்கவில்லை. டப்பாவின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, என் போனைக் கேட்டு வாங்கினார். மகள் ஏற்றிக் கொடுத்த அந்த ஆப்பைத் திறந்து, அங்கே இங்கே தள்ளி, ஒரு இடத்தில் நிறுத்தினார். டப்பா காதில் வாங்கியது எல்லாம் அதில் எழுத்தாகக் கிடந்தது. மணியோடு. எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

"நேத்திக்கு" என்று டெஸ்டரம்மா படிக்க ஆரம்பித்தார். கரண்ட் பில் படிக்கிற குரல். "ஆறு பத்து. ந்தா, காப்பி. ஆறு பதினாலு. ந்தா, பேப்பர் எங்க. ஆறு முப்பது. ந்தா, துண்டு. ஏழு அஞ்சு. ந்தா, செவுடா. ஏழு ஆறு. ந்தா, உன்னத்தான். எட்டு. ந்தா, இத மனுஷன் திம்பானா. எட்டு இருவது. ந்தா, போன் அடிக்குது பாரு."

அந்தப் போன் என் சட்டைப் பையில்தான் அடித்துக்கொண்டிருந்தது என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"அதுக்கு மொத நாளு படிக்கட்டுமா சார்? அதுவும் இதேதான்."

"போதும்மா" என்றேன்.

அவர் விரல் நிற்கவில்லை. "பதினோரு மணி. இது நீங்க இல்ல போலருக்குதே." பதினோரு மணிக்கு நான் டீக்கடைக்குப் போய்விடுவேன். டெஸ்டரம்மாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "நந்தா, என் பேரு வேதவல்லி. என்னப் பேரு சொல்லிக் கூப்புடு." கீழே டப்பாவின் பதில்: "வணக்கம், வேதவல்லி."

அவர் தள்ளிக்கொண்டே போனார். முதல் நாளும் பதினோரு மணி. அதற்கு முதல் நாளும். வணக்கம், வேதவல்லி. வணக்கம், வேதவல்லி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருப்பேன்.

என் மனைவி அழுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள். மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். "குடுங்க, நானே படிக்கிறேன்" என்று போனை வாங்கிக்கொண்டாள். நான்கு மாதத்தையும் படித்தாள். நானும் டெஸ்டரம்மாவும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, அவள் விரல் மேலே போவதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அரை மணி இருக்கும். முடித்துவிட்டு எழுந்து போனாள். விருந்தாளிகளுக்கு என்று வைத்திருந்த பித்தளை டபராவில் காப்பி கொண்டுவந்தாள். ஒன்றுதான் கொண்டுவந்தாள். அதை டெஸ்டரம்மாவிடம் கொடுத்தாள்.

டெஸ்டரம்மா காப்பியைக் குடித்துவிட்டுக் கேட்டார். "டப்பா பேர மாத்திக்கலாம் சார், இதுல வழி இருக்குது. இல்லன்னா நீங்க மாத்திக்கலாம்."

"டப்பாவ மாத்தும்மா" என்றேன்.

அதுதான் நான் சொன்னது. யோசிக்கக்கூட இல்லை. டெஸ்டரம்மா பிளக்கைத் திரும்பச் செருகினார். ஆப்பில் மூன்று பெயர்கள் இருந்தன, "முகில்" என்பதைப் போட்டார். பிறகு டேப்பைக் கிழித்து எழுதி, டப்பாவின் அடியில் ஒட்டிவிட்டுப் போனார். அவர் போனதும் திருப்பிப் பார்த்தேன். "பழுது இல்லை" என்று இருந்தது.

அன்றிலிருந்து டப்பா ஒருதரம்கூடத் தப்பாகப் பேசவில்லை. அடுத்த வியாழக்கிழமை வேதவல்லி ஒரு பையில் நாலு புடவை எடுத்துவைத்து, "அமுதா கூப்புட்டுக்கினே இருக்குது, பத்து நாள் இருந்துட்டு வர்றேன்" என்று கிளம்பினாள். பத்து நாள் ஒரு மாதமாயிற்று. அங்கே பக்கத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் ஒன்றில் வேலைக்குப் போகிறாள் என்றாள் அமுதா. "எப்ப வருவா?" என்று கேட்டேன். "அம்மாவக் கேளுங்கப்பா" என்று போனைக் கொடுத்தாள். "இருக்கட்டும்ங்க" என்றாள் வேதவல்லி. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள்.

மறுநாள் காலை நேராக டெஸ்டரம்மா கொட்டகைக்குப் போனேன். அனுமந்தையிலிருந்து வந்த மீன் விற்கும் பெண்கள் இரண்டு பேர், ஒரு டேபிள் ஃபேனோடு ஒரு ஆள், மிக்ஸி ஜாரோடு இன்னொருவர், எல்லாரும் வாசலில் நின்றிருந்தார்கள். நான் மைதானக் குரலை எடுத்தேன்.

"ஏம்மா! ஒரு குடும்பத்தையே பிரிச்சி வுட்டுட்டியே, நல்லா இருப்பியா நீ?"

பஸ் ஸ்டாண்டே திரும்பியது. டெஸ்டரம்மா ஈயம் வைத்துக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை. "சார், முன்னாடி நாலு பேரு நிக்கிறாங்க. உங்க மொற வரட்டும்."

நான் வரிசையில் நின்றேன். ஏன் நின்றேன் என்று இன்றுவரை தெரியாது. முப்பது வருஷம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியவனுக்கு, வரிசை என்று யாராவது சொன்னால் கால் தானாகப் போய்விடுகிறது போலும். மீன்காரம்மாக்கள் என்னையே பார்த்தார்கள். முக்கால் மணி நேரம். கோபம் எல்லாம் வேர்வையாக வடிந்துவிட்டது.

"சொல்லுங்க சார். இன்னா ரிப்பேரு?"

"வீட்ல போய்ட்டாங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"கடைசியா யாரு பேசினது?"

"நான்தான்."

"என்னா பேசினீங்க?"

யோசித்துப் பார்த்தேன். அவள் பையோடு வாசலில் நின்றபோது நான் சொன்னது ஒன்றுதான். "கேஸை மூடிட்டியா?" அதைச் சொன்னேன்.

டெஸ்டரம்மா ஈயக் கோலை ஸ்டாண்டில் வைத்தார். "இதுக்கு நம்மகிட்ட ஸ்பேர் கெடையாது சார்" என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அதன் பிறகு இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. ஊரில் கேட்டவர்களிடமெல்லாம், அந்தம்மாவுக்கு வேலை தெரியாது, டப்பாவைக் கெடுத்துவிட்டார் என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை. எனக்குச் சோறு வடிக்கத் தெரியாது. ரசம் என்ற பெயரில் புளித்தண்ணீர் குடித்தேன். சுகர் மாத்திரை எது, பிரஷர் மாத்திரை எது என்று கலரை வைத்துக் குத்துமதிப்பாகப் போட்டேன். நாள் முழுக்க வீட்டில் ஒரு சத்தம் கிடையாது. முகிலைக் கூப்பிட்டு மழை வருமா என்று கேட்பேன். வராது என்று சொல்லும். அவ்வளவுதான் பேச்சு.

ஒரு வெள்ளிக்கிழமை காலை எனக்குத் தாங்கவில்லை. மெயின் போர்டில் இருந்த ஃபியூஸ் கட்டையை லேசாக இழுத்துவிட்டேன். ஃபேன் நின்றது. டெஸ்டரம்மாவுக்குப் போன் செய்து, "கரண்ட் போயிடிச்சும்மா, ஒண்ணும் புரியல" என்றேன். யாராவது வந்து திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது.

வந்தார். வந்ததும் ஆரம்பித்தார். "வீடா சார் இது? ஒட்டடை பாருங்க, ஒயர் எது ஒட்டடை எதுன்னே தெரியல. இது என்னா தட்டுல, சோறா சிமென்டா? மாத்திர எங்க? ரெண்டையும் ஒரே டப்பாவுல போட்டு வெச்சிருக்கீங்க, படிச்ச மனுஷன்தானே?" திட்டிக்கொண்டே ஒவ்வொரு ஸ்விட்சாகப் பார்த்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு ஸ்டூல் போட்டு ஏறி ஃபேனைப் பார்த்தார். அரை மணி நேரம் கழித்து ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, கட்டையை அழுத்திவிட்டு, "பழைய போர்டு, லூஸு" என்றார். போகிற போக்கில் குக்கரில் எத்தனை விசில் விடவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் கட்டையை இழுத்துவிட்டேன். அதற்கடுத்ததும். எட்டு மாதம். என் வாழ்க்கையில் பேச்சுச் சத்தம் கேட்ட நேரம் அந்த அரை மணிதான். மாத்திரைகளைத் தனித்தனி டப்பாவில் போட்டேன், இல்லாவிட்டால் கத்துவார். ஒட்டடை அடித்தேன். ரசத்தில் மிளகு போடக் கற்றுக்கொண்டேன். ஒரு பழுதைக் கண்டுபிடிக்க இவ்வளவு நேரம் எடுக்கிறாரே, வயசாகிவிட்டது பாவம் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

போன ஐப்பசியில், மழை வலுத்து உப்பளமெல்லாம் மூடிய சமயம், டெஸ்டரம்மா செத்துப்போனார். இந்தம்மா ஒருநாள் ஷாக்கடித்துத்தான் போகும் என்று ஊரே சொல்லிவைத்திருந்தது. அப்படி இல்லை. மூன்று நாள் காய்ச்சல், நான்காம் நாள் நெஞ்சு வலி, திண்டிவனம் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

கொட்டகை வாசலில்தான் கிடத்தியிருந்தார்கள். உப்பளத்துப் பெண்கள் மழையில் நனைந்தபடி நின்றார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது, தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த பெண்ணை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. வேதவல்லி. சென்னையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தாள். நான் சொல்லவில்லை. டெஸ்டரம்மா போனில் கடைசியாகப் பேசிய நம்பருக்கு அந்தப் பெண்கள் தகவல் சொல்லியிருக்கிறார்கள். அது வேதவல்லியின் நம்பர்.

எல்லாம் முடிந்தபின் இ.சி.ஆர். பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேரும் நின்றோம். மழை விட்டிருந்தது.

"வேதவல்லி" என்றேன். வீட்டில் தனியாகப் பலதரம் சொல்லிப் பார்த்திருந்தும், நாக்கு தடுக்கியது.

திரும்பிப் பார்த்தாள். "என்னாங்க?"

"வீட்டுக்கு வந்து ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போயேன். நானே போடுறேன்."

"பஸ்ஸு வந்துடுங்க" என்றாள். பிறகு அவளே பேசினாள். "அந்தம்மா வாரா வாரம் வெள்ளிக்கிழம எனக்குப் போன் பண்ணும். உங்க வீட்டுக்காரரு மாத்திர போட்டுட்டாரு, எளைச்சிருக்காரு, ஆனா நல்லாத்தான் இருக்காருன்னு சொல்லும். இனிமே யாரு சொல்லுவாங்க?"

"போர்டு பழசு. அதான் அடிக்கடி வரவேண்டியிருந்துச்சு" என்றேன்.

"நீங்களேதான் கட்டைய இழுத்து வுட்டுட்டுக் கூப்புடுறீங்கன்னு மொத வாரமே அதுக்குத் தெரியுங்க" என்றாள். "கட்டைய மூடியிருந்த தூசியில உங்க வெரலு அச்சு அப்படியே இருந்துச்சாம்."

பஸ் வந்தது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, என்னைப் பார்த்து ஒருதரம் தலையாட்டினாள். போய்விட்டாள்.

நான் அங்கேயே நின்றிருந்தேன். முதல் வாரமே தெரியுமாம். தெரிந்துகொண்டேதான் அந்தம்மா, முட்டி வலியோடு ஸ்டூல் போட்டு ஏறி, ஹாலில் ஆரம்பித்து, ஒரு ஸ்விட்ச் விடாமல் தட்டிப் பார்த்து, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முழுசாக அரை மணி நேரம் தேடியிருக்கிறார்.